சர்வருக்கு யார் காவல்?

தமிழில் சர்வர் என்றதும் ஓட்டலில் இட்லி கொண்டுவருபவர்தான் நினைவுக்கு வருவார். பெங்களூரின் தர்ஷினிகளில் அவருக்கு வேலை இல்லை. ஆனால் இதே ஊரின் வாடகை அறைகளில் வேறு வகை சர்வர்கள் ஓடுகின்றன. இன்டர்வியூவில் கேட்பார்களே என்று, எஸ்.பி. ரோட்டில் பாகங்கள் வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டரில் விண்டோஸ் சர்வரை ஏற்றிப் பழகும் இன்ஜினியரிங் மாணவர்கள் இங்கே உண்டு.

அவர்களுக்கு ஒரு சிக்கல். சாதாரண விண்டோஸுக்கு இலவசமாகக் கிடைக்கும் பல ஆன்டி-வைரஸ்கள், சர்வர் என்ற பெயரைப் பார்த்ததும் உள்ளே வர மறுத்துவிடும். வீட்டுக்கு இலவசம், கம்பெனிக்குக் காசு என்பது அந்த வியாபாரத்தின் கணக்கு. சர்வர் வைத்திருப்பவர் கம்பெனிக்காரராகத்தான் இருப்பார் என்பது அனுமானம். மெஸ் பில் கட்டவே திணறும் மாணவர் இந்தக் கணக்கில் வருவதில்லை.

மைக்ரோசாஃப்ட்டே இதற்கு உதாரணம். 2008-ல் ட்ரீம்ஸ்பார்க் திட்டத்தில் மாணவர்களுக்கு விண்டோஸ் சர்வர் 2003-ஐ இலவசமாகக் கொடுத்தது. 2009-ல் வெளியிட்ட இலவச ஆன்டி-வைரஸான செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் சர்வருக்கானது அல்ல என்றது. வீட்டைக் கொடுத்துவிட்டுப் பூட்டைத் தராத கதை. 2016 வெர்ஷனிலிருந்துதான் டிஃபெண்டர் என்ற காவலாளி சர்வருடனேயே வருகிறது. 180 நாள் சோதனைப் பிரதி இலவசம் என்பதால், இன்று பழகுபவர் இதிலிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம்.

பழைய வெர்ஷனைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு உள்ள வழிகள் குறைவு. ஓப்பன் சோர்ஸ் தயாரிப்பான கிளாம்ஏவி இலவசம். ஆனால் விண்டோஸில் நாம் சொல்லும்போது தேடுமே தவிர, நாள் முழுக்கக் கண்காணிக்காது. 'கிராக்' செய்த ஆன்டி-வைரஸை ஏற்றுவதோ, திருடனுக்கே காவலாளி உடுப்பு மாட்டுகிற வேலை.

ஆன்டி-வைரஸ் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2003 ஜனவரி 25-ல் ஸ்லாமர் என்ற புழு எஸ்க்யூஎல் சர்வர்களைத் தாக்கியது. அளவு வெறும் 376 பைட். 75,000-க்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் சிக்கின. பெரும்பாலானவை பத்தே நிமிடங்களில். அது டிஸ்க்கில் எதையும் எழுதாமல் மெமரியிலேயே வாழ்ந்ததால், ஃபைல்களைச் சலித்துப் பார்க்கும் ஆன்டி-வைரஸின் கண்ணில் படவில்லை. இத்தனைக்கும் ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2002 ஜூலையிலேயே வந்துவிட்டது. பலர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. தங்கள் மெஷினில் அப்படியொரு சர்வர் ஓடுவதே சிலருக்குத் தெரியாது.

கேட்டவருக்கெல்லாம் பரிமாறுவது சர்வரின் தொழில். கேட்பவர் யாரென்று அதுவாக விசாரிக்காது. எனவே பழகும் சர்வரை இன்டர்நெட்டிலிருந்து யாரும் நேரடியாகத் தொட முடியாதபடி ரௌட்டருக்குப் பின்னால் வையுங்கள். திருத்தங்களை உடனுக்குடன் போடுங்கள். தேவையில்லாத சர்வீஸ்களை நிறுத்துங்கள். மூன்றுக்கும் காசு வேண்டாம்.

சர்வர் நடத்தக் கற்றுத்தரும் கல்லூரிகள் இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடலாம். கதவைத் திறக்கக் கற்பதற்கு முன் மூடக் கற்பது நல்லது.