இரவுக் காமிராவுக்கு வேண்டியது விளக்கு

1500 மெகாவாட் அனல் மின் நிலையம் உள்ள வள்ளூரில், ஒரு கிடங்கின் வாயில் மட்டும் இருண்டிருப்பதாகக் கொள்வோம். அங்குள்ள காவல் காமிராவின் படத்தில் புள்ளிகள் கொதிப்பதேன்?

ஒளி ஃபோட்டான்களாக விழுகிறது. ஓரிடத்தில் சராசரியாக 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 100; அதாவது 1 விழுக்காடு. 100 மட்டுமே விழுந்தால் ஏற்ற இறக்கம் 10. அதுவோ 10 விழுக்காடு! காமிரா பெரும்பாலும் படத்தில் மாறியதை மட்டும் அனுப்பிச் சிக்கனம் செய்வது. இந்த இரைச்சலையும் மாற்றமென்றே கொள்வதால், வெறும் இருட்டை அனுப்பவே தகவல் பாதை நிரம்பிவிடுகிறது.

16 படங்களைச் சராசரி எடுத்தால் இரைச்சல் கால் பங்காகும் என்பார்கள். உண்மைதான்; ஆனால் நடப்பவர் புகைபோல் கரைந்துவிடுவார். திருடன் நமக்காக நிற்பானா? முதலில் ஓர் அகச்சிவப்பு விளக்கை மாட்டுவதே சரி என்பேன். அதையும் காமிராவை விட்டுச் சற்றுத் தள்ளியே மாட்ட வேண்டும். இல்லாவிடில் கண்ணாடிமுன் பின்னிய சிலந்தி வலைதான் பளிச்சிடும்!