எஞ்சின் பிளாக் என்ன கத்திரிக்காயா?

ஒரு சாஃப்ட்வேர்காரனைக் கூப்பிட்டு "ஒரு வரி கோடுக்கு இத்தனை ரூபா, எத்தனை வரி எழுதுறியோ அத்தனை காசு"ன்னு சொன்னா என்ன செய்வான்? பத்து வரியில முடியுற வேலையை நூறு வரிக்கு இழுப்பான். நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்கிறதால அடிச்சுச் சொல்றேன் :-) ஆயிரம் வரிக்கு இவ்வளவுன்னு அளக்குற பழக்கம் எங்க தொழில்லயும் ஒரு காலத்துல இருந்துச்சு. அது கூத்துன்னு புரிஞ்சு விட்டுட்டாங்க.

ஆனா நம்மூர் பவுண்டரிகள்ல இன்னிக்கும் பெரும்பாலும் அதே கூத்துதான். வார்ப்படத்துக்கு கிலோ ரேட்! கோயம்புத்தூர் பக்கம் போய் பவுண்டரி வச்சிருக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்க, "கிலோ என்ன ரேட்டுக்கு ஊத்துறீங்க"ங்கிறதுதான் முதல் பேச்சே. பம்பு மூடிக்கு இது பரவாயில்ல. எஞ்சின் பாகத்துக்கு இது தப்புங்கிறது என் கட்சி. மெக்கானிக்கல் படிச்சுட்டு கம்ப்யூட்டர் முன்னாடி ஆணி புடுங்குறவனுக்கு எதுக்கு இந்தக் கவலைன்னு கேக்காதீங்க. படிச்சது உள்ளுக்குள்ள கிடந்து அரிக்குது.

முதல்ல எஞ்சின் பிளாக்கைப் பாருங்க. வெளிய பார்த்தா இரும்புக் கட்டி. உள்ள சிலிண்டரைச் சுத்தி தண்ணி ஓடுற வழின்னு ஏகப்பட்ட பொந்து. அந்தப் பொந்துகளையெல்லாம் யாரும் குடையிறதில்ல. பிசின் கலந்த மணல்ல அதே வடிவத்துல 'கோர்' செஞ்சு, மணல் அச்சுக்குள்ள உக்கார வச்சு, சுமார் 1400 டிகிரியில உருக்கின இரும்பை ஊத்துவாங்க. ஆறினதும் கோரை உடைச்சு உதறிட்டா பொந்து ரெடி.

இப்ப சுவர் 4 மில்லிமீட்டர்னு வச்சுக்குங்க. கோர் 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒரு பக்கம் 5, இன்னொரு பக்கம் 3. அந்த 3 பக்கம் சீக்கிரம் ஆறும். சாம்பல் வார்ப்பிரும்பு ரொம்ப வேகமா ஆறினா கிராஃபைட்டா பிரிய வேண்டிய கரி பிரியாம, வெள்ளை இரும்பா இறுகிடும். கண்ணாடி மாதிரி கடினம். மெஷின்ல போட்டா டூல் காலி. இரும்பு போய்ச் சேருறதுக்குள்ள உறைஞ்சுபோய் ஓட்டை விழற ஆபத்து வேற. ஆக, மெல்லிசா ஊத்துறதுதான் கஷ்டம். தடியா ஊத்துறது சுலபம்.

ஃபோர்டு 1962ல ஃபேர்லேன் காருக்காக ஒரு சின்ன வி-8 எஞ்சின் கொண்டு வந்தப்ப சாதிச்சது இதைத்தான். அலுமினியத்துக்கு ஓடல. அதே இரும்பு, ஆனா மெல்லிய சுவர். கோர்களைத் துல்லியமா செஞ்சு அசையாம உக்கார வச்சே எடையைக் குறைச்சாங்க.

அந்த வித்தையைக் காட்டுற நம்மூர் ஆளுக்கு என்ன கிடைக்கும்? ஒரு கணக்கு போடுவோம். பிளாக் 40 கிலோ, கிலோ 100 ரூபா. மொத்தம் 4000. அவர் மண்டையைப் போட்டு உடைச்சு 34 கிலோவுக்கு கொண்டு வந்துட்டார். கையில கிடைக்கிறது 3400. கிலோவுக்கு 50 ரூபா உலோகச் செலவுன்னா அதுல 300 மிச்சம். பாக்கி 300 ரூபா அவர் திறமைக்கு நாம போட்ட அபராதம்! கோர் வேலையும் ரிஜெக்ஷனும் கூடுனது தனிக் கணக்கு. இதுக்கப்புறம் யாராவது எடையைக் குறைப்பாங்களா?

அலுமினியத்துக்கு வந்தா இன்னும் வேடிக்கை. பிரஷர் டை காஸ்டிங்ல இரும்பு அச்சுக்குள்ள உலோகத்தைக் கண் சிமிட்டுற நேரத்துல அடிச்சுத் தள்ளிடலாம். வேகம், மலிவு. ஆனா காத்தும் உள்ள மாட்டிக்கும். அந்த அழுத்தத்துக்குச் சாதாரண மணல் கோர் தாங்காது. அதனாலதான் வளைஞ்சு நெளிஞ்ச வழிகள் இருக்கிற சிலிண்டர் ஹெட்டை கிராவிட்டி முறையிலயோ, கீழேருந்து மெதுவா ஏத்துற லோ பிரஷர் முறையிலயோதான் பெரும்பாலும் வார்க்கிறாங்க.

இந்த 'மெதுவா'தான் விஷயமே. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருந்த ஜான் கேம்ப்பெல் வாழ்நாள் முழுக்க சொன்னது இது: உருகின அலுமினியத்தோட முகப்பு நொடிக்கு சுமார் அரை மீட்டரைத் தாண்டினா, மேல இருக்கிற ஆக்சைடு ஏடு மடிஞ்சு உள்ள போயிடும். பால் ஏடு மடியுற மாதிரி. அந்த மடிப்பு ஒட்டாது, விரிசலுக்கு விதையா அங்கேயே கிடக்கும். ரேஸ் எஞ்சின் செய்யுற காஸ்வொர்த் கம்பெனி, வாங்குன வார்ப்படங்கள்ல ஓட்டை ஓட்டையா வந்து நொந்துபோய், 1970களின் கடைசியில சொந்தமா பவுண்டரி போட்டப்ப அதுக்கு மூளையா இருந்தவரும் இவர்தான். உலோகத்தை மேலேருந்து கொட்டாம, மின்காந்த பம்பு வச்சு கீழேருந்து சத்தமில்லாம ஏத்துனாங்க.

மெதுவா ஏத்துன ஹெட்டையும் கொட்டி நிரப்புன ஹெட்டையும் தராசுல வச்சா எடை ஒண்ணுதான். வித்தியாசம் வண்டி லட்சம் கிலோமீட்டர் ஓடுனப்புறம் தெரியும். அப்ப காசு கட்டுறது நாம.

"உலோக விலை தினம் ஏறி இறங்குது, கிலோ கணக்குதான் ரெண்டு பேருக்கும் வசதி"ம்பாங்க. நியாயம்தான். அப்ப உலோகத்துக்கு மட்டும் கிலோ விலை போடுங்க. கோர், உருக்குற கரண்ட், சோதனை, ஆள் கூலி எல்லாத்துக்கும் பாகத்துக்கு இவ்வளவுன்னு தனியா போடுங்க. பெரிய வண்டிக் கம்பெனிகள் சிலது இப்படிப் பிரிச்சுப் போடத்தான் செய்யுது. அடுத்த கட்டத்துல சப்-காண்ட்ராக்ட் எடுக்கிற சின்னப் பவுண்டரிக்கு மட்டும் ஏன் தராசு?

அந்தச் சூட்டுலயும் மணல் தூசியிலயும் நின்னு, கோர் அசையாம உக்காந்திருக்கான்னு விரலால தடவிப் பார்த்தே சொல்ற மோல்டர்கள் இருக்காங்க. அவங்க விரலுக்கு நாம கொடுக்கிற விலை பூஜ்யம். அதுல பிடிச்ச இரும்புக்குத்தான் விலை. இப்படியே போனா அவங்க பிள்ளைங்க யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூட பார்க்க மாட்டாங்க.

பவுண்டரிக்காரங்க யாராவது இதைப் படிச்சா பின்னூட்டத்துல வந்து சண்டை போடுங்க. கத்துக்கிறேன்.

டிஸ்கி: 40 கிலோ, 100 ரூபா எல்லாம் கணக்கு புரியுறதுக்காகப் போட்டது. அதை வச்சு யார்கிட்டயும் பேரம் பேசி அடி வாங்காதீங்க :-)