தப்பைத் திருத்துமுன்

இந்த மாசியில் எங்கள் டிவிசனில் காமன் கூத்து முடிந்த கையோடு, அந்த இசையை ஒழுங்காகப் பதிந்து வைக்கலாம் என்று இறங்கினோம். ஸ்டூடியோவுக்குக் கொடுக்கக் காசில்லை. ஹட்டனுக்கு மேலே ஒரு லயத்துக் காம்பரா, ஒரு பழைய லேப்டாப், மூன்று போன். இவ்வளவுதான் முதல்.

தப்பை வெளியே வாசலில் வைத்து மூன்று போனிலும் பதிந்தோம். ரதி வேஷம் கட்டுகிறவர் எதிரில் ஆடினால்தான் அடிக்க வரும் என்று தப்படிக்கும் தாத்தா சொன்னதால், அவரையும் கூப்பிட்டு ஆடவைத்தோம். உறுமியையும் ரதியின் ஒப்பாரியையும் இன்னொரு நாள், தப்பை ஹெட்போனில் கேட்கவிட்டு, லேப்டாப்பில் பதிந்தோம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கேட்டால், ஆளுக்கொரு மலையில் நின்று வாசிக்கிற மாதிரி இருந்தது.

சும்மா விடுவோமா? மெட்ரோனோம் கிளிக் ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு அடியையும் வெட்டி வெட்டி அந்தக் கிளிக்கின் மேல் கொண்டுபோய் வைத்தோம். இரண்டு ராத்திரி வேலை. பெருமையாகத் தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினோம். முழுசாகக் கேட்டுவிட்டு, "அடியெல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி. ஆனா இதுக்கு ரதி ஆட முடியாதே" என்றார்.

அன்றைக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு அவர் பக்கம்தான் நிற்கிறோம். மெஷின் செய்த பிழையைத் திருத்த வேண்டும். மனிதர் விட்ட இடைவெளியைத் திருத்தக் கூடாது. எது எது என்று தெரியாமல் மவுசில் கைவைக்கவே கூடாது.

மெஷினின் பிழைகளை முதலில் பார்ப்போம். அவை மூன்று விதம்.

முதலாவது, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே அளவில் பிந்துவது. பாடுகிறவர் காதில் கேட்பதும், அவர் குரல் ஃபைலில் போய் உட்காருவதும் ஒரே கணத்தில் நடப்பதில்லை. கம்ப்யூட்டர் சத்தத்தைச் சின்னச் சின்ன மூட்டையாகக் கட்டித்தான் அனுப்பும். 1024 சாம்பிள் கொண்ட ஒரு மூட்டை, 44,100 வேகத்தில், சுமார் 23 மில்லிசெகண்ட். போகவும் வரவும் சேர்த்தால் இன்னும் கூடும். புளூடூத் ஹெட்போன் என்றால் 100, 200 மில்லிசெகண்ட்கூடப் போகும். அதனால் பதியும்போது வயர் உள்ள ஹெட்போன்தான். மிச்சத்துக்கு, ஒடாசிட்டியின் செட்டிங்கில் இந்தத் தாமதத்தை ஈடுகட்ட ஓர் எண் போடலாம். ஹெட்போனை மைக்குக்கு ஒட்டிப் பிடித்து, ஒரு கிளிக் ட்ராக்கை ஓடவிட்டு இன்னொரு ட்ராக்கில் பதியுங்கள். இரண்டு கிளிக்குக்கும் நடுவில் தெரிகிற தூரம்தான் உங்கள் லேப்டாப்பின் தாமதம். அந்த அளவுக்கு முழு ட்ராக்கையும் முன்னே நகர்த்தினால் போதும். ஓர் அடியைக்கூட வெட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது, தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகுவது. ஒவ்வொரு போனுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. எந்த இரண்டும் முழுக்க ஒத்துப்போகாது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே 40 நிமிடப் பதிவில் 120 மில்லிசெகண்ட் விலகிவிடும். காதுக்கு அது இரட்டை அடியாகக் கேட்கும். இதற்கு மருந்து கைதட்டல். சினிமாவில் ஷாட்டுக்கு முன் கிளாப் பலகை அடிப்பது படத்தையும் சத்தத்தையும் சேர்க்கத்தான். நாங்கள் இரண்டு தடவை தட்டச் சொல்கிறோம், தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. முதல் தட்டலில் எல்லா ட்ராக்கையும் சேர்த்துவையுங்கள். கடைசித் தட்டல் சேரவில்லையா? ஒரு போனை அளவுகோலாக வைத்து, மற்றதில் தட்டலுக்குத் தட்டல் உள்ள பகுதியைத் தெரிவுசெய்து, வேகத்தை மாற்றும் இடத்தில் அளவுகோல் போனின் நீளத்தைக் கொடுங்கள். முழுதும் ஒரே சீராக நெருங்கிவிடும்.

மூன்றாவது, எண் தவறு. சிடிக்கான வேகம் 44,100. வீடியோவில் வழக்கமானது 48,000. 48,000-இல் பதிந்ததை மென்பொருள் 44,100 என்று நினைத்து வாசித்தால், 10 நிமிடப் பாட்டு 10 நிமிடம் 53 செகண்ட் ஓடும். குரலும் கனத்துப்போகும். இதை இழுத்துச் சுருக்கக் கூடாது. ட்ராக்கின் எண்ணை மாற்றினால் போதும்.

இதோடு இன்னொன்று. சத்தம் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். தப்பிலிருந்து 17 மீட்டர் தள்ளி வைத்த போனில் அடி 50 மில்லிசெகண்ட் பிந்தித்தான் விழும். அது போனின் கோளாறு இல்லை. முழு ட்ராக்கையும் நகர்த்தலாம், அல்லது மைதானத்தின் தூரம் அதில் கேட்கட்டும் என்று விட்டும் வைக்கலாம்.

இந்த நான்கையும் சரிசெய்த பிறகும் ஏதாவது ஒத்துவராமல் கேட்டால், அங்கேதான் நிற்க வேண்டும். எங்கள் பதிவில் மிஞ்சியது, ரதி திரும்புவதற்கு முன்னால் வருகிற சின்னத் தயக்கம். தாத்தா கையைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் காலைப் பார்க்கிறார். கால் ஊன்றியதும் அடி விழுகிறது. கிளிக்கின் கணக்கில் அது பிந்திய அடி. கூத்தின் கணக்கில் அதுதான் அடி. நாங்கள் இரண்டு ராத்திரி உட்கார்ந்து வெட்டி எறிந்தது அதைத்தான்.

"இதெல்லாம் பெரிய விஷயமா, கேட்கிறவனுக்கு நல்லா இருந்தா சரிதானே" என்று எங்களுக்குள்ளேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தப்பு சத்தத்தை எடுத்து ராப் பாட்டு செய்யுங்கள், கிளிக்கில் வைத்துச் செய்யுங்கள், நாங்களும் செய்வோம். அது புதுப் பாட்டு. ஆனால் 'எங்கள் தோட்டத்துக் காமன் கூத்து' என்று பெயர் போட்டு ஒன்றை வெளியே விடும்போது, நாளைக்கு அடிக்கப் பழகுகிற பிள்ளை அதைக் கேட்டுத்தான் பழகும். சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' நம் கையில் இருக்கிறது. பாட்டின் சொற்கள் அதில் தப்பிப் பிழைத்தன. அடியைப் புத்தகத்தில் அச்சடிக்க முடியாது. அதைக் காப்பாற்ற முதல் தடவையாக நம் எல்லார் கையிலும் ஒரு கருவி இருக்கிறது. அந்தக் கருவியாலேயே அதை மழித்துவிடப் போகிறோமா?

தப்புக்கு மலையகத்தில் இன்னொரு வேலையும் இருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு ஆள் கூட்டியதும் தப்புதான். அந்த அடி தோட்டத்து நேரத்துக்கு அடித்தது. யார் பிந்தினாலும் காத்திருக்காது. கூத்தில்தான் அதே தோல் ஆடுகிறவருடைய காலுக்காகக் காத்திருந்தது. அதைத் திரும்பவும் ஒரு கிளிக்குக்குக் கீழே நிறுத்துவது எங்களுக்குப் பெரட்டை ஞாபகப்படுத்துகிறது.

அதனால் அடுத்த மாசியில் போனைத் தூக்கிக்கொண்டு போகிற தம்பி தங்கைகளிடம் கேட்பது இவ்வளவுதான். ரெக்கோடிங்கை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். இரண்டு தடவை கை தட்டுங்கள். எல்லா போனிலும் ஒரே எண்ணை வையுங்கள். நடுவில் தப்பைக் காய்ச்ச நெருப்புக்குக் கொண்டுபோனால் அதையும் பதியுங்கள். பனியில் தோல் தளர்ந்து சத்தம் இறங்குவதும் பிழை இல்லை. எதைத் திருத்துவதற்கு முன்னும் மூல ஃபைலை வேறோர் இடத்தில் பத்திரப்படுத்துங்கள். திருத்தியதை அடித்தவருக்கும் ஆடியவருக்கும் போட்டுக் காட்டாமல் வெளியே விடாதீர்கள்.

நாங்களும் மூல ஃபைல்களிலிருந்து மறுபடி தொடங்கினோம். இந்தத் தடவை ஒரே மாலையில் முடிந்தது. தாத்தா தொடையில் தட்டிக்கொண்டே கேட்டார். ஓரிடத்தில் சிரித்து, "இங்க நான் கொஞ்சம் விட்டுட்டேன்" என்றார். வெட்டிவிடவா என்று கேட்டோம்.

"இருக்கட்டும் தம்பி. நான்தானே விட்டேன்."