கம்ப்யூட்டருக்கும் கதவு உண்டு!



"எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல திருடறதுக்கு என்ன இருக்கு?" நம்மில் பலர் இப்படித்தான் கேட்கிறோம். இந்தக் கேள்வியே தப்பு என்பது என் கருத்து.

வெளியூரில் இருந்தபடியே வீட்டு கம்ப்யூட்டரைத் திறந்து வேலை செய்யும் வசதிக்கு ரிமோட் லாகின் என்று பெயர். நல்ல வசதிதான். ஆனால் அதுவும் ஒரு கதவு. திருடன் நம்மைத் தேடி வருவதில்லை. அவன் ஏவி விட்ட புரோகிராம் இண்டர்நெட் முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும். அதுக்கு ஏழை வீடு, பணக்கார வீடு எல்லாம் தெரியாது. திறந்தா உள்ளே வந்துடும், அவ்வளவுதான்!

2016-இல் 'மிராய்' என்ற புரோகிராம் இதைத்தான் செய்தது. கையில் வைத்திருந்தது சுமார் 60 ஜோடி யூசர்நேம், பாஸ்வேர்டு மட்டுமே. கம்பெனி போட்ட பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களும் ரூட்டர்களும் லட்சக்கணக்கில் சிக்கின. அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டே அமெரிக்காவின் 'டைன்' நிறுவனத்தைத் தாக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கும் மணிக்கணக்கில் கிடைக்கவில்லை.

அந்தக் கேமராக்காரங்க வீட்டில் எதுவும் திருடு போகலை. ஆனால் அவங்க பொருளே ஊராரை அடிக்கிற தடியாச்சு! ஆகவே பூட்டுவது நமக்காக மட்டுமல்ல, அடுத்தவருக்காகவும்தான்.

என்ன செய்யலாம்?

1. ரிமோட் லாகின் தேவையில்லை என்றால் அணைத்து விடுங்கள். இல்லாத கதவை யாரும் உடைக்க முடியாது.

2. தேவை என்றால் வி.பி.என். வழியாக மட்டும் திறங்கள். எஸ்.எஸ்.எச். என்றால் பாஸ்வேர்டை நிறுத்திவிட்டு சாவிக் கோப்பு வையுங்கள்.

3. பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். 4 இலக்க எண் என்றால் மொத்தமே 10,000 தான். மனுஷன் சலித்துப் போவான், மெஷின் சலிக்காது.

4. அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். 2019-இல் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பில் 'புளூகீப்' என்ற ஓட்டை தெரிய வந்தது. பாஸ்வேர்டே இல்லாமல் நுழையலாம்! அப்டேட் போட்டவர்கள் தப்பினார்கள்.

"போர்ட் எண்ணை 22-லிருந்து மாத்திட்டேன், போதும்" என்பார்கள் சிலர். வீட்டு நம்பர் பலகையை மாற்றினால் கதவு பூட்டியதாகி விடுமா?

ஊருக்குப் போகும்போது வாசல் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறோமே, இந்தப் பூட்டையும் இன்றைக்கே ஒரு தடவை இழுத்துப் பார்ப்போம்!

– பதினோராம் வகுப்பு மாணவி