பேஸ் கிடார் முனகுதா? முதல்ல கம்பியைப் பாருங்க!

வாங்கிய புதிதில் கணீரென்று பேசிய அக்கூஸ்டிக் பேஸ் கிடார், இப்போது அட்டைப்பெட்டியைத் தட்டினாற்போல 'டொப் டொப்' என்கிறதா? "இது தேறாதும்மா, வித்துட்டு வேற வாங்கலாம்" என்று பிள்ளை நச்சரிக்கிறாரா? பர்ஸைத் திறக்கும் முன் அதன் கம்பிகளைப் பார்த்துவிடுங்கள்.

எலெக்ட்ரிக் பேஸுக்கு ஆம்ப்ளிஃபயர் கைகொடுக்கும். அக்கூஸ்டிக்கில் எல்லாப் பாரமும் மரப்பெட்டியின் தலையில்தான். இதன் தடித்த 'ஈ' கம்பி நொடிக்கு சுமார் 41 முறை அதிரும். அவ்வளவு தாழ்ந்த ஒலியை முழுசாக எழுப்ப, ஆள் உயர டபுள் பேஸ் மாதிரி பெரிய உடம்பு வேண்டும். 1972-ல் வந்த எர்னி பால் எர்த்வுட் பேஸ் பூதாகரமாக இருந்ததற்குக் காரணமும் இதுதான். மடியில் அடங்கும் கிடாரில் அடிச்சுரம் மெலிந்துதான் வரும். கூடவே எழும் மேற்சுரங்களை வைத்துத்தான் நம் காது அதை நிரப்பிக்கொள்கிறது.

கம்பி பழசானால் முதலில் சாவது அந்த மேற்சுரங்கள்தான். விரல் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் கம்பிச் சுற்றுகளின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். உப்புக்காற்று வீசும் கடற்கரை ஊர்களில் துரு வேறு. அழுக்கு ஓரிடத்தில் கூடி, ஓரிடத்தில் குறைந்தால் சுருதியும் பிசகும். 12-வது ஃபிரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு மீட்டுங்கள். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். முன்பு ஒத்துப்போன இரண்டும் இப்போது ஒத்துப்போகவில்லை என்றால் கம்பிக்கு வயசாகிவிட்டது.

'மோடவுன் ஜாம்பவான் ஜேம்ஸ் ஜேமர்சன் கம்பியையே மாத்த மாட்டாராமே?' என்று சிலர் மடக்குவார்கள். அவர் வாசித்தது எலெக்ட்ரிக் பேஸ், பாஸ்!

புதுக்கம்பியில் பாஸ்பர் பிரான்ஸ் பளிச்சென்று ஒலிக்கும். சின்னப் பெட்டிக்கு என் ஓட்டு அதற்கே. தட்டைப் பட்டை சுற்றிய ஃப்ளாட்வவுண்ட், விரல் நகரும்போது கீச்சிடாது. டபுள் பேஸ் பக்கம் சாய்ந்த, உருண்டையான ஒலி. ஆனால், சத்தம் கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும். விலை அதிகம் என்பதற்காக அதை வாங்க வேண்டாம்.

கடைக்குப் போகும்முன், உங்களுடையது 30 அங்குல ஸ்கேலா, 34 அங்குலமா என்று அளந்துகொள்ளுங்கள். நான்கையும் ஒரேயடியாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மிச்சக் கம்பியை வெட்டும்முன் வெட்டும் இடத்துக்குச் சற்று உள்ளே மடக்கிக்கொண்டால் சுற்று பிரியாது. வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித்துணியால் ஒரு துடைப்பு போதும், கம்பி கூடுதல் நாள் உழைக்கும்.