"வரை" என்ற ஒரு சொல்

2007 ஜனவரியில் பிஎஸ்என்எல்லின் டேட்டாஒன் இணைப்புகள் 256 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸுக்கு ஏறின. 2 எம்பிபிஎஸ் "வரை". இந்தச் சொல்லில்தான் வில்லங்கமே. "வரை" என்றால் பூஜ்யமும் அதற்குள் அடக்கம்!

முதலில் ஒன்று. 2 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, டவுன்லோட் பெட்டியில் ஓடுவது பைட் கணக்கு. எட்டால் வகுத்தால் நொடிக்கு 250 கிலோபைட்தான். இதற்காகச் சண்டைக்குப் போனவர்கள் பாவம், கம்பெனியைச் சும்மா திட்டினார்கள்.

திட்ட வேண்டிய இடம் வேறு. டிஎஸ்எல் சிக்னல் செப்புக் கம்பியில் தூரம் போகப் போகத் தேயும். தல்லாகுளத்தில் எக்ஸ்சேஞ்சை ஒட்டிய வீட்டுக்கும், மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் வயல் தாண்டிக் கிடக்கும் வீட்டுக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்? ஜாயின்ட்டில் மழைத்தண்ணீர் இறங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். இது மர்மமும் இல்லை. மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்திலேயே "லைன் அட்டென்யுவேஷன்" என்று டெசிபலில் ஒரு எண் இருக்கும். அது கூடினால் வேகம் குறையும். கம்பியைச் சோதித்து, "உங்கள் லைனில் இவ்வளவுதான் வரும்" என்று விற்கும்போதே சொல்லியிருக்கலாமே? பிரிட்டனில் 2008-இல் ஆஃப்காம் கொண்டுவந்த நடத்தை விதி, கையெழுத்திட்ட கம்பெனிகளிடம் இதைத்தான் கேட்டது: லைனுக்கு லைன் மதிப்பீடு, காசு வாங்குவதற்கு முன்பே.

இங்கே சட்டமே இல்லையா என்றால், இருந்தது. வாடிக்கையாளர் வாங்கிய வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கிடைக்க வேண்டும் என்று 2006-லேயே டிராய் விதித்தது. சரி, "வரை" என்று விற்ற பிறகு எதில் 80 சதவீதம்?