பன்றிக்குட்டிகளின் சாவும் தீவன மூட்டையும்

தாமிரபரணிக் கரையூர்களில் பன்றி வளர்க்கும் ஏழைக் குடும்பங்களுக்குப் பட்டிதான் சேமிப்பு. பால்குடி மறந்த குட்டிகள் ஒரே வாரத்தில் வரிசையாகச் சாய்ந்தால், "சாக்கடையில் மேய்ந்தது செத்தது" என்று சாதி மனம் தீர்ப்பெழுதிவிடுகிறது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட பிறகு, எல்லாச் சாவுக்கும் அதுவே காரணம் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. தீவன மூட்டையைச் சந்தேகிப்போர் அரிது.

சந்தேகிக்க வேண்டும். கோழிகளுக்கு வரும் இரத்தக் கழிச்சலைத் தடுக்க, கறிக்கோழித் தீவனத்தில் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைக் கலக்கிறார்கள். மிச்சமான அத்தீவனம் பன்றித் தொட்டிக்கும் போய்ச் சேரலாம். அதைத் தின்னும் குட்டிக்கு இருமலோ கழிச்சலோ கண்டு டியாமுலின் கொடுத்தால் விபரீதம் தொடங்குகிறது. முந்தைய மருந்தைக் கல்லீரல் சிதைத்து வெளியேற்றுவதை டியாமுலின் தடுத்துவிடுகிறது. தனித்தனியே தாங்கக்கூடிய அளவுகள் சேரும்போது நஞ்சாகின்றன. தசைகள் சிதைகின்றன, பின்னங்கால்கள் இழுக்கின்றன, சிறுநீர் கறுக்கலாம். கையால் கலக்கும்போது மருந்து ஓரிடத்தில் திரண்டுவிட்டால் டியாமுலின் இல்லாமலேயே இது நேரும். மாற்று மருந்து கிடையாது. தீவனத்தை உடனே நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை.

உணவுக்கான கால்நடைகளுக்கும் தீவனத்துக்கும் கொலிஸ்டின் தயாரித்து விற்பதை 2019 ஜூலையில் ஒன்றிய அரசு தடை செய்தது. மனிதருக்கான கடைசி மருந்துகளுள் ஒன்று பயனற்றுப் போகும் என்ற அச்சமே அதற்குக் காரணம். குட்டியை இழந்தவருக்காக அஞ்சுவோர் எவருமில்லை.

ஆயினும் அவர் கையில் ஒரு சட்டம் உண்டு: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. "இது வணிக நோக்கில் வாங்கியது, இவர் நுகர்வோர் அல்லர்" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் நாளே எழுந்து சொல்வார் (எப்போதும் சொல்வதுதான்). சுயதொழிலால் பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவரும் நுகர்வோரே என்கிறது பிரிவு 2(7)இன் விளக்கம். போதிய எச்சரிக்கை தராத உற்பத்தியாளரைப் பிரிவு 84 பொறுப்பாக்குகிறது. பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்ட எச்சரிக்கை போதியதா என்று நாம் வாதிடலாம். மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக விற்று, எச்சரிக்கையை வாங்குபவரிடம் சேர்க்காத கடைக்காரரைப் பிரிவு 86 கேட்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும்.

தடுமாற வைப்பது சான்றுதான். செத்த குட்டியை அன்றே புதைத்துவிடுகிறோம், மீதித் தீவனத்தைக் கொட்டிவிடுகிறோம். உடலை அன்றைக்கே இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ கொண்டுசென்று, பிரேதப் பரிசோதனை அறிக்கையை எழுத்தில் பெற வேண்டும். அதே மூட்டையிலிருந்து ஒரு கிலோ தீவனம், மூட்டையின் அச்சிட்ட பக்கம், கடை ரசீது ஆகியவற்றை எடுத்துவைக்க வேண்டும். ரசீது தர மறுக்கும் கடையில், வாங்கும் நேரத்திலேயே கைப்பேசியில் மூட்டையைப் படமெடுத்துக்கொள்ளலாம்.